நாள் கணக்கில் ஒரு கடை



கடை என்றதும் நம் நினைவுக்கு வருவது கதவும் பூட்டும் பெயர்ப்பலகையும் உடைய ஓர் அறை. ஆனால் நம் பழைய நூல்கள் வேறு வகைக் கடைகளையும் அறிந்திருந்தன. மதுரைக் காஞ்சி பாடிய மாங்குடி மருதனார், பகலில் கூடும் நாளங்காடியையும் இரவில் கூடும் அல்லங்காடியையும் பிரித்துச் சொல்கிறார். புகார் நகரில் மருவூர்ப் பாக்கத்துக்கும் பட்டினப் பாக்கத்துக்கும் இடையே மரங்கள் அடர்ந்த வெளியில் நாளங்காடி இருந்ததைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. இவ்விரு சொற்களிலும் அங்காடிக்குப் பெயர் தந்தது காலமே என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இன்று பெருநகரங்களில் இவ்வழக்கம் புதுப் பெயரோடு திரும்பியிருக்கிறது. 2004-இல் 'கொம் தே கார்சோன்' என்னும் ஜப்பானிய உடை நிறுவனம் பெர்லின் நகரில் ஓராண்டு மட்டுமே நடக்கும் கடை ஒன்றைத் திறந்தது. அதன்பின் சில வாரம், சில நாள் கடைகள் உலகெங்கும் பெருகின. 'பாப்-அப்' கடை என்று அவற்றை அழைக்கின்றனர். நம் ஊர்த் திருவிழாக் கடைக்காரர் இதைக் கேட்டால், "இதைத்தானே என் பாட்டனும் செய்தார்?" என்பார்.

இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது ஒன்றே. சில நாள் கடை போடுகிறவர் இடத்தை வாடகைக்கு எடுப்பதாகத் தோன்றுகிறது. உண்மையில் அவர் விலை கொடுப்பது கூட்டம் வரும் நாட்களுக்கு. ஆகவே அவருடைய கணக்கும், அவர் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தமும் அந்த நாட்களைப் பற்றியே பேச வேண்டும். இந்தப் பாடத்தை எங்கள் குடும்பம் 2018-இல் பணம் கொடுத்துக் கற்றது.

குறிஞ்சிக் கடை

என் பாட்டனார் போடிப் பக்கத்திலிருந்து மலையேறி, மூணாற்றுத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தவர். தந்தையார் தோட்ட வேலையை விட்டுக் கம்பளிச் சட்டையும் தொப்பியும் விற்கத் தொடங்கினார். ஞாயிறுதோறும் மூணாற்றில் தரைக்கடை. மற்ற நாட்களில் மூட்டையைச் சுமந்துகொண்டு லயம் லயமாகச் செல்வார். சொந்தமாக ஒரு கடை அறை அவருக்கு என்றும் இருந்ததில்லை.

நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை கூட்டமாகப் பூக்கும் செடி. தாவர இயலார் அதற்கு ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா என்று பெயரிட்டுள்ளனர். 2006-இல் பூத்தபோது எனக்கு நான்கு வயது. அவ்வாண்டு இரவிகுளம் தேசியப் பூங்காவின் இராஜமலைப் பகுதிக்கு வந்த கூட்டத்தைப் பற்றித் தந்தையார் பல ஆண்டுகள் பேசிக்கொண்டிருந்தார். "அன்றைக்கு மட்டும் நம்மிடம் ஓர் அறை இருந்திருந்தால்!" என்பது அவர் வாயில் அடிக்கடி வரும் சொல்.

2018 வந்தது. இராஜமலைக்குச் செல்லும் சாலையில் ஓர் அறையை ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் ஆகிய மூன்று மாதத்துக்குப் பேசினார். சாதாரண நாளில் மாதம் எட்டாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கக்கூடிய அறை அது. குறிஞ்சிப் பருவம் என்பதால் மூன்று மாதத்துக்குத் தொண்ணூறாயிரம் என்று முடிவாயிற்று. அறுபதாயிரத்தை முன்னதாகவே கொடுத்துவிட்டார். அதில் நாற்பதாயிரம் வட்டிக்கு வாங்கியது. எழுத்து ஏதும் இல்லை, வாய்ச்சொல்தான்.

பிறகு நடந்ததை நீங்கள் அறிவீர்கள். ஆகஸ்ட் 9-ஆம் நாள், இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பின் முதன்முறையாக, இடுக்கி நீர்த்தேக்கத்தின் செறுதோணி மதகுகள் திறக்கப்பட்டன. மாத நடுவில் மலைச் சரிவுகள் பெயர்ந்து சாலைகள் துண்டிக்கப்பட்டன. மூணாற்றிலிருந்து மறையூர் செல்லும் வழியிலுள்ள பெரியவாரைப் பாலம் இடிந்தது. 1924 வெள்ளத்தில் குண்டளைப் பள்ளத்தாக்கின் ரயில் பாதை அழிந்த கதையை முன்னோர் சொல்லக் கேட்ட எங்கள் பாட்டி, "அது திரும்பி வந்துவிட்டது" என்றார். பயணிகள் வரவு நின்றது. மொட்டுகள் பல மழையில் அழுகின. செப்டம்பரில் வெயில் கண்டு பூ மலரத் தொடங்கியபோது வந்த கூட்டம், எதிர்பார்த்ததில் சிறு பகுதியே. மூன்று மாதத்தில் எங்கள் கடையில் உருப்படியாக விற்பனை நடந்தது பத்தொன்பது நாள்.

தந்தையார் என்னையும் அழைத்துக்கொண்டு அறைக்காரரிடம் சென்றார். மீதி முப்பதாயிரத்தைக் குறைத்துக்கொள்ளும்படி கேட்டார். அவர் கெட்டவர் அல்லர்; எங்களை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார். பின் அமைதியாகச் சொன்னார்: "அண்ணாச்சி, நான் உங்களுக்கு விட்டது அறையை. அறை இடியவில்லை, ஒழுகவில்லை, சாவியும் உங்களிடமே இருந்தது. பூ பூக்கும், ஆள் வரும் என்று நான் சொல்லவில்லையே?"

அப்போது எனக்கு வயது பதினாறு. பதில் சொல்லத் தெரியாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மீதிப் பணத்தைத் தந்தையார் மூன்று தவணையில் கட்டினார். என் தமக்கை கல்லூரியில் சேர்வது ஓராண்டு தள்ளிப்போயிற்று. அறைக்காரர் சொன்னது சரியா என்ற கேள்வி மட்டும் என்னோடு பல்கலைக்கழகம் வரை வந்தது. அதற்கு விடை தேடுமுன், கடைகள் ஏன் ஊர் ஊராக நடக்கின்றன என்பதைக் காண்போம்.

கடை ஏன் நடக்கிறது?

1962-இல் ஜேம்ஸ் ஸ்டைன் என்ற அமெரிக்கப் புவியியல் அறிஞர் கொரிய நாட்டுச் சந்தைகளை ஆராய்ந்து ஒரு விளக்கம் தந்தார். அதில் இரண்டு அளவுகள் உள்ளன. ஒரு பொருளை வாங்க மக்கள் எவ்வளவு தொலைவிலிருந்து வருவார்கள் என்பது ஒன்று. அதை 'வருகைத் தொலைவு' என்போம். கடைக்காரர் பிழைக்க வேண்டுமானால் எவ்வளவு பரப்பிலுள்ள மக்கள் அவரிடம் வாங்க வேண்டும் என்பது மற்றொன்று. அதைப் 'பிழைப்புத் தொலைவு' என்போம்.

வருகைத் தொலைவு பிழைப்புத் தொலைவைவிடப் பெரிதாயின் கடை ஓரிடத்தில் நிற்கும். சிறிதாயின் நிற்க முடியாது. வாங்குபவர் கடையைத் தேடி வராதபோது கடைதான் வாங்குபவரைத் தேடிச் செல்ல வேண்டும். தோட்டத்து லயத்தில் அரிசிக் கடை ஆண்டு முழுவதும் நடக்கும்; அரிசி நாள்தோறும் வேண்டும். அதே லயத்தில் வளையல் கடை நடக்குமா? முந்நூறு குடும்பங்கள் ஆண்டில் இரண்டு மூன்று முறை வாங்கும் வளையல் ஒரு கடைக்காரரின் வயிற்றை நிரப்பாது. அவர் இன்று ஓர் ஊர், நாளை ஓர் ஊர் என்று போனால்தான் போதிய மக்களை எட்டுவார்.

இதனால்தான் சந்தைக்குக் கிழமை உண்டு. பொள்ளாச்சியில் மாட்டுச் சந்தை செவ்வாயும் வியாழனும்; பாலக்காட்டு மாவட்டத்து வாணியங்குளத்தில் வியாழன். கிழமை குறித்துவிட்டால் சிதறிக் கிடக்கும் மக்கள் ஒரே நாளில் ஓரிடத்தில் சேர்கின்றனர். பன்னிரண்டு, பதின்மூன்றாம் நூற்றாண்டுகளில் பிரான்சு நாட்டுச் சம்பாஞ் பகுதியில் த்ருவா, ப்ரொவான் முதலிய நான்கு ஊர்களில் ஆண்டுக்கு ஆறு பெருஞ்சந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. இத்தாலிய வணிகரும் பிளாண்டர்ஸ் துணி வணிகரும் அங்கே சந்தித்தனர். முறை ஒன்றே, அளவுதான் வேறு.

திருவிழா என்பது ஆண்டுக்கு ஒரு முறை வரும் கிழமை எனலாம். குறிஞ்சியோ பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை வரும் கிழமை. கிழமை அரிதாக அரிதாகக் கூட்டம் பெருகும், வாடகையும் பெருகும், அந்நாள் தவறினால் இழப்பும் பெருகும். வாரச் சந்தையில் ஒரு நாள் மழை பெய்தால் அடுத்த வாரம் ஈடுகட்டலாம். குறிஞ்சிக்கு அடுத்த வாரம் இல்லை.

கல்பாத்திக் கணக்கு

என் தாய்மாமன் பாலக்காட்டு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர் ஒன்றில் வாழ்கிறார். வளையலும் பாசிமணியும் பித்தளைச் சிறு பாத்திரமும் விற்பவர். அவருடைய ஆண்டு திருவிழாக்களால் ஆனது. ஐப்பசி முடிவில் கல்பாத்தித் தேர். கும்ப மாதத்தில் சித்தூர்க் கொங்கன்படை. ஏப்ரல் தொடக்கத்தில் நென்மாற-வல்லங்கி வேலை. தந்தையாருக்கு நேர்ந்ததை அறிந்தபின், விடுமுறை நாட்களில் மாமாவோடு சென்று அவர் கணக்கு வைக்கும் முறையைக் கவனித்தேன்.

கல்பாத்தி நம்மவர்க்குப் பழகிய ஊர். தஞ்சைப் பகுதியிலிருந்து சென்று குடியேறிய தமிழ் அந்தணர்களின் அக்ரகாரம். அங்குள்ள விசுவநாதர் கோயில் 1425-இல் அமைந்தது என்பது மரபு. ஐப்பசி மாத இறுதியில் நடக்கும் திருவிழாவின் கடைசி மூன்று நாள் தேரோட்டம். மூன்றாம் நாள் மாலை தேர்கள் ஒன்றுகூடும் காட்சியைக் காணப் பெருங்கூட்டம் சேரும். அம்மூன்று நாளுக்கு மாமா பத்தடி அகலத்தில் ஓர் இடம் எடுப்பார்.

இடம் பேசப் போகுமுன் அவர் ஒரு தாளில் எழுதும் கணக்கு இது. தொகைகளைப் புரிந்துகொள்வதற்காக முழு எண்களாகத் தருகிறேன்.

இட வாடகை 9,000 ரூபாய். சரக்கு ஏற்றி இறக்க 4,000. சவுக்குக் கம்பு, பலகை, தார்ப்பாய் வாடகை 2,500. விளக்குக்கு 1,000. இரண்டு ஆட்களின் கூலியும் சாப்பாடும் 4,500. ஆக மொத்தம் 21,000 ரூபாய். இதில் வாடகை பாதிகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். "வாடகை குறைவு" என்று மகிழ்ந்து போய், ஏற்று கூலியில் இழப்பவர் பலர்.

அடுத்து, ஒரு ரூபாய் விற்பனையில் சரக்கின் அசல் போக நிற்பது முப்பது காசு என்று கொள்வோம். 21,000 ரூபாய்ச் செலவை மீட்க 70,000 ரூபாய்க்கு விற்க வேண்டும். மூன்று நாளில் நாளுக்குப் பத்து மணி என்றால் முப்பது மணி நேரம். மணிக்கு ஏறத்தாழ 2,333 ரூபாய் விற்பனை. ஒருவர் சராசரி நூறு ரூபாய்க்கு வாங்கினால் மணிக்கு இருபத்து மூன்று பேர். அதாவது இரண்டரை நிமிடத்துக்கு ஒருவர். இது நட்டமில்லாமல் திரும்ப மட்டுமே. வீட்டுக்கு ஏதேனும் கொண்டு செல்ல இதற்கு மேலும் விற்க வேண்டும்.

இப்போது கேள்வி மாறிவிடுகிறது. "ஒன்பதாயிரம் அதிகமா, குறைவா?" என்று கேட்பதில் பயனில்லை. "இந்த இடத்தின் முன் நின்று இரண்டரை நிமிடத்துக்கு ஒருவர் வாங்குவாரா? இரண்டு ஆட்களின் கைகள் அந்த வேகத்தில் எடுத்துக் காட்டி, கட்டிக் கொடுத்து, சில்லறை தர முடியுமா?" என்று கேட்க வேண்டும். மாமா முந்திய ஆண்டே அந்த இடத்தில் கால் மணி நேரம் நின்று, கடந்து செல்பவர்களை எண்ணிக் குறித்துக்கொள்வார். போகிறவர்கள் தேரைப் பார்க்க விரைகிறார்களா, பார்த்துவிட்டு மெல்லத் திரும்புகிறார்களா என்றும் பார்ப்பார். விரைகிற கூட்டம் வாங்காது. திரும்புகிற கூட்டமே வாங்கும். ஆய்வுக்கூடத்தில் நாம் செய்யும் மாதிரி எடுப்பு முறையைப் பள்ளி ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்ட அவர் தெருவில் செய்கிறார்.

இன்னும் ஒரு வரி உண்டு. "ஒரு நாள் மழை" என்று எழுதி அதன் கீழும் கணக்குப் போடுவார். மூன்று நாளில் ஒரு நாள் போனால், அதே வேகத்தில் விற்பனை 46,667 ரூபாய், அதில் நிற்பது 14,000, நட்டம் 7,000. "இந்த ஏழாயிரத்தை என் வீடு தாங்குமா?" என்பதே அவருடைய கடைசிக் கேள்வி. தாங்கும் என்றால்தான் இடம் எடுப்பார். குறிஞ்சிக்கு முன் எங்கள் வீட்டில் யாரும் அந்த வரியை எழுதிப் பார்க்கவில்லை.

குத்தகையா, அனுமதியா?

இனி, அறைக்காரர் சொன்னது சரியா என்ற கேள்விக்கு வருவோம். நான் சட்டம் பயின்றவன் அல்லன். தாவர இயல் மாணவன். எனினும் நூலகத்தில் படித்தறிந்த அளவில் சொல்கிறேன்.

பிறர் இடத்தில் கடை போடும் உரிமை இரண்டு வகை. ஒன்று குத்தகை, 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டம் அதை விளக்குகிறது. வாடகை கொடுத்து, குறித்த காலத்துக்கு இடத்தைத் தன் கைவசம் வைத்து அனுபவிக்கும் உரிமை அது. மற்றொன்று அனுமதி, அதே 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் அதை விளக்குகிறது. இடம் உரிமையாளர் கையிலேயே இருக்கும். அங்கே ஒரு செயலைச் செய்துகொள்ள நமக்கு இசைவு மட்டும் கிடைக்கும். பூட்டிச் சாவியை வைத்துக்கொள்ளும் அறை பெரும்பாலும் முதல் வகை. திருவிழா மைதானத்தில் கிடைக்கும் பத்தடித் தரை பெரும்பாலும் இரண்டாம் வகை.

தாளில் எந்தச் சொல் இருக்கிறது என்பது மட்டும் இதைத் தீர்மானிக்காது. புதுதில்லி இம்பீரியல் ஓட்டலுக்குள் ஒருவர் முடி திருத்தும் நிலையம் நடத்த அறைகள் எடுத்திருந்தார். பத்திரத்தில் அனுமதி என்று எழுதியிருந்தும், அது குத்தகையே என்று 1959-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இடம் உண்மையில் யார் கைவசம் இருந்தது, இருவரும் எதைக் கருதினர் என்பதை நீதிமன்றம் பார்த்தது.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம்? இரண்டு வழக்குகளைப் பாருங்கள்.

1902-இல் இங்கிலாந்தில் ஏழாம் எட்வர்டு மன்னரின் முடிசூட்டு விழா ஊர்வலம் ஜூன் 26, 27 நாட்களில் நடப்பதாக இருந்தது. அதைக் காண, லண்டன் பால் மால் தெருவில் ஹென்றி என்பவர் கிரெல் என்பவரின் அறைகளை அவ்விரு நாட்களின் பகல் நேரத்துக்கு 75 பவுனுக்குப் பேசி, 25 பவுன் முன்பணம் கொடுத்தார். மன்னர் குடல்வால் நோயுற்றார், ஊர்வலம் தள்ளிப்போயிற்று. மீதி 50 பவுன் தர வேண்டுமா என்ற வழக்கில், வேண்டாம் என்று 1903-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. ஒப்பந்தத்தில் ஊர்வலம் என்ற சொல்லே இல்லாவிட்டாலும், அதன் அடிப்படை ஊர்வலம்தான் என்பதை இரு தரப்பாரும் அறிவர் என்றனர் நீதிபதிகள். இது அனுமதி வகை.

நம் நாட்டு வழக்கு வேறு விதம். 1947-இல் பஞ்சாபில் ஒருவர் ஓராண்டுக்கு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து வாடகையும் கட்டிவிட்டார். நாடு பிரிந்தது, நிலம் பாகிஸ்தான் பக்கம் போயிற்று, அவர் இந்தியாவுக்கு ஓடிவந்தார். பயிரிட முடியாத நிலத்துக்குக் கொடுத்த வாடகையைத் திருப்பிக் கேட்டார். 1968-இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. நிறைவேற்ற முடியாமற்போன ஒப்பந்தங்களை விடுவிக்கும் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு, கைமாறி முடிந்துவிட்ட குத்தகைக்குப் பொருந்தாது என்பது தீர்ப்பு.

இதைப் படித்த அன்று நூலகத்தில் நெடுநேரம் அமர்ந்திருந்தேன். எங்கள் அறை குத்தகை. சாவி எங்களிடம் இருந்தது. வெள்ளத்தால் இடமே நிலையாகப் பயனற்றுப் போனால் குத்தகையை விட்டு விலகச் சொத்து மாற்றச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் எங்கள் அறைக்கு ஒரு கீறலும் இல்லை. அறைக்காரர் சட்டம் படித்தவர் அல்லர். ஆயினும் அவர் சொன்னது சட்டத்தோடு ஒத்திருந்தது. குறிஞ்சிக்காகத்தான் அவ்வளவு வாடகை என்பது இருவருக்கும் தெரியும். அதை எழுதிவைக்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை. ஆறு ஆண்டுகளாக நான் அவர் மீது வைத்திருந்த மனக்கசப்பு அன்றோடு தீர்ந்தது. அதன் இடத்தில் ஒரு பாடம் வந்து அமர்ந்தது.

எழுதியவர் எப்படிப் பிழைத்தார் என்பதற்கும் எங்கள் குடும்பத்திலேயே சான்று உண்டு. குமுளியில் இருக்கும் என் அத்தை, சபரிமலைப் பருவத்தில் நேந்திரங்காய் வறுவலும் அல்வாவும் விற்பவர். கம்பத்திலிருந்து குமுளி, வண்டிப்பெரியாறு வழியாகச் செல்லும் பக்தர்களே அவருடைய வாடிக்கையாளர். மண்டல பூசை தொடங்கும் நவம்பர் நடுவிலிருந்து மகரவிளக்கு வரும் சனவரி நடு வரை இரண்டு மாதம் அவருக்குக் கடை. 2020-இல் தொற்று நோய் காரணமாகச் சபரிமலைக்கு முதலில் வார நாட்களில் ஆயிரம் பேரும் வார இறுதி நாட்களில் இரண்டாயிரம் பேருமே அனுமதிக்கப்பட்டனர். தம்பிக்கு நேர்ந்ததைக் கண்டிருந்த அத்தை, அவ்வாண்டு வாடகையை வாரம் ஒன்றாகப் பிரித்து, வாரத் தொடக்கத்தில் கொடுப்பதாக எழுதி வாங்கியிருந்தார். "கூட்டத்துக்குத் தடை வந்தால் அடுத்த வாரம் முதல் இடத்தை ஒப்படைத்துவிடலாம்" என்று ஒரு வரியும் இருந்தது. மூன்று வாரம் பார்த்தார், கடையைக் கட்டிவிட்டார். அவருக்கும் இழப்புத்தான், ஆனால் கடன் இல்லை.

எல்லை தாண்டும் சரக்கு

கோவையிலிருந்தும் பொள்ளாச்சியிலிருந்தும் கல்பாத்திக்கு வருகிற வணிகர்க்கு மற்றொரு பொறுப்பும் உண்டு. முன்னாளில் வாளையார்ச் சோதனைச் சாவடியில் சரக்கு வண்டிகள் வரிக்காக நீண்ட வரிசையில் நின்றன. 2017 ஜூலை 1-இல் சரக்கு-சேவை வரி வந்தபின் அந்த வணிக வரிச் சாவடிகள் எடுக்கப்பட்டன. சாவடி போனதால் கடமையும் போயிற்று என்று எண்ணிவிடக் கூடாது.

நிலையான கடை இல்லாத மாநிலத்தில் எப்போதாவது சென்று வரிக்குரிய பொருளை விற்பவரைச் சட்டம் தனி வகையாகக் கருதுகிறது. ஆண்டு விற்பனை சிறிதாயினும் அவர் அந்த மாநிலத்தில் பதிவு பெற வேண்டும். கடை தொடங்குவதற்குக் குறைந்தது ஐந்து நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். வரக்கூடிய வரியை மதிப்பிட்டு முன்னதாகவே கட்ட வேண்டும். அப்பதிவு அதிக அளவு தொண்ணூறு நாள் செல்லும். மேலும் தொண்ணூறு நாள் நீட்டிக்கொள்ளலாம். காய்கறி, உதிரிப்பூ முதலிய வரியில்லாப் பொருள்களை மட்டும் விற்பவர்க்கு இத்தொல்லை இல்லை. அரசு அறிவித்துள்ள கைவினைப் பொருள்களைச் சிற்றளவில் விற்பவர்க்கும் தளர்வு உண்டு. மூன்று நாள் கடைக்கு இதற்காகும் நேரத்தையும் முடங்கும் பணத்தையும் மாமாவின் தாளில் இன்னொரு வரியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எழுதிக்கொள்ள வேண்டியவை

ஓராண்டுக்கு உட்பட்ட குத்தகை, இடம் கைமாறினால் வாய்ச்சொல்லாலும் செல்லும் என்கிறது சட்டம். ஆனால் செல்லுவது வேறு, மெய்ப்பிப்பது வேறு. ஆகவே மூன்று நாள் கடையாயினும் ஒரு தாளில் ஆறு செய்திகளை எழுதி இருவரும் கையொப்பமிட்டுக்கொள்வது நன்று.

முதலாவது, எந்த நாள் எத்தனை மணிக்கு இடம் நம் கைக்கு வரும், எப்போது திரும்பத் தர வேண்டும் என்பது. இரண்டாவது, இடத்தின் நீள அகலமும் அதன் முன்னே வேறு கடை வருமா என்பதும். மூன்றாவது, எந்த நிகழ்ச்சியை நம்பி இந்த வாடகை பேசப்பட்டது என்பது. 'தேரோட்டத்துக்காக', 'குறிஞ்சிப் பருவத்துக்காக' என்ற ஒரு சொல் போதும். நான்காவது, அந்நிகழ்ச்சி நின்றாலோ, வழி அடைபட்டாலோ வாடகை எவ்வளவு குறையும் என்பது. ஐந்தாவது, முன்பணம் எவ்வளவு, எப்போது திரும்பும் என்பது. ஆறாவது, மின்சாரமும் துப்புரவும் உள்ளூர் மன்றத்துக்குக் கட்ட வேண்டிய கட்டணமும் யார் பொறுப்பு என்பது.

முன்பணத்தைப் பற்றி ஒரு சொல். ஹென்றி மீதி ஐம்பது பவுனிலிருந்து தப்பினார். கொடுத்திருந்த இருபத்தைந்து பவுன் அவருக்குத் திரும்பவில்லை. கையை விட்டுப் போன பணத்தை மீட்பது எந்த நாட்டிலும் கடினம். ஆகவே நாளுக்கு நாள் அல்லது வாரத்துக்கு வாரம் கொடுப்பதே சிறு வணிகர்க்குக் காவல். அதற்காகச் சற்றுக் கூடுதல் வாடகை கேட்டாலும் கொடுக்கலாம். அந்தக் கூடுதல், மழைக்குச் செலுத்தும் காப்பீடு.

இதை மாணவர் இதழில் எழுதுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். நம்மில் பலருடைய கல்விக் கட்டணம் இப்படிப்பட்ட தரைக்கடைகளிலிருந்தும் பருவக் கடைகளிலிருந்தும் வருகிறது. நாம் கற்ற கணக்கும் எழுத்தும் முதலில் அங்கே பயன்பட வேண்டும். விடுமுறையில் வீடு செல்லும்போது, பெற்றோர் அடுத்த பருவத்துக்கு எங்கே இடம் பேசியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். ஒரு தாளை எடுத்து அவர்களோடு அமருங்கள். "ஒரு நாள் மழை" என்ற வரியை மறவாதீர்கள்.

குறிஞ்சி மீண்டும் 2030-இல் பூக்க வேண்டும். தந்தையார் இப்போதே இராஜமலைச் சாலையில் இடங்களைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். சென்ற முறை ஊருக்குப் போனபோது, "இந்தத் தடவை எடுப்போமாடா?" என்று கேட்டார். "எடுப்போம் அப்பா, பேசுகிற அன்று நானும் வருகிறேன்" என்றேன். அவர் சிரித்தார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து என்னிடம் நீட்டி, "அப்படியானால் என்னென்ன எழுத வேண்டும் என்று இப்போதே எழுதிக் கொடு" என்றார். மேலே நான் தந்த ஆறு செய்திகளும் அந்தத் தாளில் எழுதியவையே.